வாலாஜாபாத் லேப்பில் இருந்த பதினைந்து அங்குல மானிட்டர்

பழைய மானிட்டரையும் புது வீடியோ கார்டையும் பொருத்துவது எப்படி என்று ஒரு கட்டுரை வேண்டும், ஆண்டு மலரில் போட வேண்டும் என்று எங்கள் பகுதி கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்கள் சங்கத்தில் கேட்டார்கள். கேட்டவர்கள் என்னைவிட முப்பது வயது இளையவர்கள். இந்தச் சந்தேகத்தை வாரத்துக்கு நான்கு தடவை வாட்ஸ்அப் குழுவில் என்னிடம் கேட்கிறார்கள். "சார், மானிட்டர் பழசு, கார்டு புதுசு, ஸ்கிரீன் கருப்பா நிக்குது, இன்னா பண்ணட்டும்?" நான் உட்கார்ந்து ஒற்றை விரலால் பதில் அடிப்பேன். மறுநாள் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார். நேற்றைய பதிலை மேலே தள்ளிப் படிக்க ஒருவருக்கும் பொறுமை கிடையாது.

பதில் நான்கே வரிதான். கார்டு ஒரு அளவில், ஒரு வேகத்தில் படத்தை அனுப்புகிறது. அந்த அளவையும் வேகத்தையும் மானிட்டர் தாங்க வேண்டும். எவ்வளவு தாங்கும் என்பது மானிட்டரின் முதுகில் ஒட்டிய சீட்டில் இருக்கும். கார்டை அதற்கு மேல் ஏற்றாதே. அவ்வளவுதான். இதற்கு எதற்கு நான்கு பக்கம்? இருந்தாலும் பக்கங்களை வாங்கிக்கொண்டேன். எனக்கு அவை வேறொரு காரியத்துக்கு வேண்டியிருக்கின்றன. அது கடைசியில் புரியும்.

நான் இயற்பியல் பட்டதாரி. படித்ததற்கும் செய்த வேலைக்கும் நடுவில் ஆறு மாத எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவும், இரண்டு வருட டிவி ரிப்பேரும் உண்டு. பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். குடியிருப்பு உத்திரமேரூரில். உத்திரமேரூர், வாலாஜாபாத், தென்னேரிப் பக்கம் எல்லாம் என் பொறுப்பு. அரிசி ஆலை, பள்ளிக்கூடம், உரக்கடை, லேப் என்று எங்கே கம்ப்யூட்டர் படுத்தாலும் என் வண்டி போகும்.

இந்தத் தொழிலில் என்னைக் கோபப்படுத்தியது இயந்திரமல்ல. சிபியு செத்தால் புதிது வாங்குவார்கள், மானிட்டரை மட்டும் மாற்றவே மாட்டார்கள். எங்கள் பக்கத்து முதலாளிகளுக்கு சிபியு என்பது பொட்டி, மானிட்டர் என்பது டிவி. "பொட்டி போச்சி, பொட்டிய மாத்திட்டோம். டிவி நல்லாத்தானே எரிஞ்சினு கீது, அத்த ஏன் சார் மாத்தணும்?" இதை எத்தனை வாயால் கேட்டிருப்பேன்! புதுப் பெட்டிக்குள் இருக்கும் கார்டு பெரிய படத்தை அனுப்பும். டிவி பத்து வருடத்துக் கிழம். முதுகுச் சீட்டைப் படிக்கலாம் என்று திருப்பினால், வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் அதன்மேல் பாறையாக இறுகியிருக்கும். சாவியால் சுரண்டினால் சீட்டோடு சேர்ந்து வரும். "சாமிக்கு வச்சது சார், சுரண்டாத" என்று ஒரு அரிசி ஆலைக்காரர் என் கையையே பிடித்துக்கொண்டார். சீட்டைப் பார்க்காமல், ஒரு குத்துமதிப்பில் வேகத்தை ஏற்றினேன். மானிட்டருக்குள் கொசு கத்துவது போல ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. சுவிட்சுக்குக் கை போவதற்குள் புகை வந்துவிட்டது. ஆலைக்காரர் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "பாத்தியா, சுரண்டாதன்னு சொன்னேனா இல்லியா?" என்றார்.

அதற்குப் பிறகு நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். எந்தப் புதுக் கார்டானாலும் மிகச் சிறிய அளவில் தொடங்குவேன். ஒவ்வொரு படியாக ஏற்றுவேன். ஒவ்வொரு படியிலும் காதை மானிட்டரின் முதுகில் வைத்துக் கேட்பேன். கடைசியாக நானே செய்து வைத்திருந்த ஒரு படத்தைத் திரையில் போடுவேன். வெள்ளைப் பின்னணி, விளிம்போரமாக ஒரு மெல்லிய கோடு, நான்கு மூலையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண். மவுஸைத் தொடாமல் நான்கு எண்ணும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே போட்ட விதி. அதை நானே மீறினேன் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என் மேலாளர் பெயரைச் சம்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. போனில் நாம் பேசப் பேச "ம்... ம்..." என்று மட்டும் கேட்டுக்கொள்வார். முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்கும் சத்தம்கூட இந்தப் பக்கம் கேட்கும். பிறகு மூன்று கேள்வி. "படம் வருதா? கலர் வருதா? ஷீட்ல கையெழுத்து வாங்கிட்டியா?" மூன்றுக்கும் ஆமாம் என்றால் போனை வைத்துவிடுவார். சர்வீஸ் ஷீட்டில் 'முடியாது' என்ற சொல்லை எழுத அவர் விட்டதே இல்லை. ஒருமுறை எழுதி எடுத்துப்போனேன். அதைப் படித்துவிட்டு, பேனா மூடியால் அந்தச் சொல்லின்மேல் மெதுவாகத் தட்டினார். "கஸ்டமர்கிட்ட முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு இன்ஜினியர் எதுக்குப்பா? வாட்ச்மேன் போதுமே." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு அந்தச் சொல்லை நான் எழுதவே இல்லை.

இனி லேப் விஷயம். பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். வாலாஜாபாத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடம். அதன் முதலாளி பக்தவத்சலம். எங்களோடு வருட ஒப்பந்தம் போட்டிருந்தவர். அவருடைய மைத்துனர்களின் மூன்று கடைகளும் அவர் சொல்லித்தான் எங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தன. ஸ்டெல்லா என்ற பெண் அங்கே ஆபரேட்டர். தென்னேரிக்காரி. அப்பா அம்மா இருவரும் கூலிக்கு நாற்று நடப் போகிறவர்கள். அவர்கள் தெருவில் நிழலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். விசைப்பலகையைப் பார்க்காமல் சோதனைச் சீட்டைப் பார்த்தே அடிப்பாள். மவுஸைத் தொடவே மாட்டாள். எல்லாம் டேப், என்டர்தான். "அத்த புடிச்சா கை ஸ்லோ ஆயிடுது சார்" என்பாள். மவுஸ்மேல் பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தாள்.

லேப்பின் பெட்டி செத்துப் புதுப் பெட்டி வந்தது. கூடவே சென்னையிலிருந்து புது சாஃப்ட்வேர். அதன் ஜன்னல் பெரியது. லேப்பில் இருந்ததோ பழைய பதினைந்து அங்குலக் கண்ணாடிக் குழாய் மானிட்டர். அந்த அளவை அதனால் காட்ட முடியாது. பக்தவத்சலத்திடம் மானிட்டர் மாற்றவேண்டும் என்றேன். வழக்கமான பதில் வந்தது. சம்பந்தம் சாருக்குப் போன் செய்தேன். "ம்... ம்..." என்றார். "ஏதாவது பண்ணுப்பா."

பண்ணினேன். அந்தக் காலத்துக் கார்டுகளில் ஒரு வசதி உண்டு. படத்தைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியை மட்டும் மானிட்டரில் காட்டலாம். மீதி திரைக்கு வெளியே இருக்கும். மவுஸைக் கீழ் விளிம்புக்குத் தள்ளினால் படம் மேலே ஏறி, மறைந்திருந்த பகுதி தெரியும். சின்ன ஜன்னல் வழியாகப் பெரிய வயலைப் பார்ப்பது போல. சாஃப்ட்வேர் திறந்தது, எழுத்து தெளிவாக இருந்தது, படம் வந்தது, கலர் வந்தது. என் நான்கு மூலைப் படத்தைப் போட்டேன். நான்கு எண்களில் ஒன்றாம் எண் மட்டும் தெரிந்தது. படத்தை மூடிவிட்டேன்.

ஸ்டெல்லாவிடம், "கீழ ஏதாவது வேணும்னா மவுஸைத் தள்ளும்மா, வரும்" என்றேன். அவள் தலையாட்டினாள். மவுஸைத் தொடாதவளிடம் அதைச் சொன்னேன். ஷீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

புது சாஃப்ட்வேரில் ரத்த வகையை ஒரு பெட்டியிலும், பாசிடிவா நெகடிவா என்பதைக் கடைசி வரியிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பழையதில் இரண்டும் ஒன்றாக இருந்தன. புதியதில் கடைசி வரியில் 'பாசிடிவ்' என்று ஏற்கனவே போட்டே இருக்கும். நெகடிவ் என்றால் மாற்ற வேண்டும். அந்த வரிதான் திரைக்குக் கீழே இருந்தது. நம் பக்கத்தில் நெகடிவ் ரத்தம் குறைவு. அதனால் சில நாட்கள் ஒன்றும் நேரவில்லை.

ஒரு நாள் மதியம் போன் வந்தது. நான் உரக்கடையில் ஒரு பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், ஸ்டெல்லா பேசறேன். ஓ நெகடிவ்னு அடிச்சா பெட்டியில ஓ மட்டும்தான் நிக்குது. மீதியக் காணோம்."

"பிரிண்ட்ல வந்துடும்மா."

"வருமா சார்? மாசமா கீற அக்கா சார். எங்க ஊரு."

"வரும்னு சொல்றேன் இல்ல? ஒரு ஒரு எழுத்துக்கும் எனக்குப் போன் பண்ணுவியா?"

"சரி சார், சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

லேப்பின் பிரிண்டர் பக்கத்து அறையில் டெக்னீஷியன் மேசையில் இருந்தது. வரும் தாளையெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டு உறையில் போடுவது அவர் வழக்கம். தாளில் 'ஓ பாசிடிவ்' என்று வந்தது. உறைக்குள் போனது.

அந்தக் கர்ப்பிணியின் பெயர் கன்னியம்மா. தென்னேரி ஏரிக்கரை ஓரத்துக் குடியிருப்பு. நெகடிவ் ரத்தம் உள்ள தாய்க்கு உரிய காலத்தில் ஒரு ஊசி போடவேண்டும். போடாவிட்டால் அடுத்தடுத்த குழந்தைகளுக்கு ஆபத்து. நல்லவேளையாகப் பிரசவத்துக்குப் போன பெரிய ஆஸ்பத்திரியில் லேப் தாளை நம்பாமல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்த டாக்டர் லேப்புக்குப் போன் செய்து காய்ச்சி எடுத்துவிட்டார். கன்னியம்மாவின் புருஷனும் உறவுக்காரர்கள் பத்துப் பேரும் லேப் வாசலில் வந்து நின்றார்கள்.

பக்தவத்சலம் என்னைக் கூப்பிட்டார். நான் போகும்போது ஸ்டெல்லாவும், செய்தி கேட்டு வயலிலிருந்து அப்படியே வந்திருந்த அவள் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"சார், மிஷின்ல கோளாறா, இல்ல இவ கையில கோளாறா? ஒன்னு சொல்லுங்க" என்றார் பக்தவத்சலம்.

நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். மவுஸ்மேல் அந்தப் பூத்துணி அப்படியே இருந்தது. எடுத்துவிட்டு மவுஸைக் கீழே தள்ளினேன். கடைசி வரி ஏறி வந்தது. ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மற்றவர்கள் என் முதுகுப் பக்கம் நின்றார்கள். மவுஸை மேலே இழுத்தேன். வரி கீழே போய் மறைந்தது.

"சம்பந்தம் சாருக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன்" என்று வெளியே போனேன். அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவரிடமாவது மறைக்கவில்லை என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அவர் "ம்..." என்றார். கண்ணாடியைத் துடைத்தார். "படம் வந்துச்சு இல்ல? கலர் வந்துச்சு இல்ல? அந்தப் பொண்ணு மவுஸைத் தள்ளலேன்னா அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லப்பா. நாலு ஒப்பந்தம் பாத்து எழுது."

பழி முழுவதையும் அவர்மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. அவர் காஞ்சிபுரத்தில் இருந்தார். பேனா என் கையில் இருந்தது. ஷீட்டில் எழுதினேன்: 'இயந்திரத்தில் கோளாறு இல்லை. இயக்குபவரின் கவனக்குறைவு.' கையெழுத்தும் போட்டேன்.

"நான் சாரைக் கேட்டேன் சார்" என்றாள் ஸ்டெல்லா. "போன் பண்ணிக் கேட்டேன். பிரிண்ட்ல வந்துடும்னாரு. கேளுங்க சார் அவர."

பக்தவத்சலம் என்னைப் பார்த்தார்.

"அப்படி எதுவும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன்.

என் முப்பது வருட வேலையில் நான் சொன்ன மிகச் சுத்தமான பொய் அதுதான். ஸ்டெல்லாவின் அப்பா முதலாளியிடம், "தப்பு பண்ணியிருந்தா நாலு அடி அடிச்சிக் கேளுங்க நைனா, வேலைய மட்டும் புடுங்காதீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க சார். மிஷினப் பத்தித் தெரிஞ்சவங்க. நெஜமாவே என் பொண்ணு தப்புதானா?"

"கவனமா இருந்திருக்கலாம்" என்றேன்.

அன்றே அவளை அனுப்பிவிட்டார்கள். வாசலில் நின்றவர்களிடம் பக்தவத்சலம் என் ஷீட்டைத் தூக்கிக் காட்டினார். இரண்டு நாள் கழித்து எங்கள் ஸ்டோரிலிருந்து ஒரு பதினேழு அங்குல மானிட்டரை எடுத்துப்போய், 'பழையது கொஞ்சம் நடுங்குது' என்று சொல்லி இலவசமாகவே மாட்டிவிட்டு வந்தேன். என்ன தவறு நடந்தது என்று எனக்குத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. நான்கு மூலை விதியை எழுதிவிட்டு இதை எழுதாமல் விட என்னால் முடியவில்லை. போன மாதம் தென்னேரி போனேன். ஸ்டெல்லா வீட்டில் இல்லை. ஏரிக்கரையில் நூறு நாள் வேலை நடக்கிறது, அவள்தான் ஆள் கணக்கு எடுக்கிறாள் என்றார்கள். கரைமேல் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக, ஆள் கணக்குக்குப் படம் எடுக்கக் கையில் போனோடு நின்றிருந்தாள். எதிரே நாற்பது பெண்கள்.

"கண்ண மூடாதீங்கக்கா, திரும்பத் திரும்ப எடுக்க முடியாது. நெட்டு வேற போவுது."

"சினிமாக்காரி மாதிரி நிக்கச் சொன்னா நாங்க இன்னா பண்றது? வெயிலு கண்ண குத்துது!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

என்னைப் பார்த்ததும் ஸ்டெல்லாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க சார்" என்றாள். உட்காரச் சொல்ல அங்கே இடமில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது நினைவில் இருந்தது, நான் சொன்னது பொய் என்றேன். என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார்" என்றாள். "நீங்க மவுஸ தள்ளும்போது நான் உங்க முதுகாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். வரி ஏறி வந்துச்சி. திரும்ப எறங்கிச்சி. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் அந்த வரியப் பத்திப் பேசாம நின்னேன்."

"அப்பவே நீ சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு மோசமான பேச்சு என்று உறைத்தது.

"யாரு நம்புவா? நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களே. எங்கப்பாவே நம்பல. வேல போனதுக்கு அப்பறம் ஒரு வருசம் நாத்து நட்டேன், அப்பறம் கம்பெனி பஸ்ல ஏறி ஒம்போது வருசம் போனேன். அதெல்லாம் போவட்டும். அவரு சாவற வரைக்கும், யாராவது ரத்தம் டெஸ்ட்டுன்னு பேச்சு எடுத்தா, எழுந்து வெளிய போயிடுவாரு." போனைப் பையில் போட்டுக்கொண்டாள். "மன்னிக்கறதுன்னா எங்கிட்ட கேட்டு இன்னா சார் ஆவப் போவுது? எனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே. தெரியாதவங்களாண்ட போயிச் சொல்லுங்க."

கரையின் சரிவில் மண் கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள். "கன்னியம்மாக்கா. அன்னியிலேர்ந்து என்னோட பேசறதில்ல. நான் பேர் வாசிச்சா கைய மட்டும் தூக்குவாங்க. உங்க ஷீட்ட அவங்க வூட்டுக்காரு பாத்தாரு இல்ல."

இருபது அடி தூரம் இருக்கும். நான் நடந்தேன். என் பெயரைச் சொன்னேன், அந்த லேப் கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்த்தவன் என்றேன். உங்கள் தாளில் தப்பாக வந்தது என்னால், ஸ்டெல்லா சரியாகத்தான் அடித்தாள், என்னைக் கேட்கவும் செய்தாள், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். கன்னியம்மா கூடையை இறக்கி வைத்தாள். சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"சரியா காதுல வுழுல. சத்தமா சொல்லு சார்."

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று எனக்குத் தோன்றியது. சத்தமாகச் சொன்னேன். மண்வெட்டிகள் நின்றன. நாற்பது பேரும் கேட்டார்கள். கன்னியம்மா ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள்.

"என் புள்ள பத்தாவது படிக்கறான் சார். இத்தினி வருசமா எங்க போயிருந்த நீ?"

எங்கும் போகவில்லை, உத்திரமேரூரில்தான் இருந்தேன் என்று சொன்னேன். அங்கிருந்து இந்த ஏரிக்கரைக்கு இரண்டு பஸ் மாறினால் போதும்.